சிவப்புக் கோடு விழுந்த பிள்ளைகள்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சமூக ஆய்வுக்காகப் புன்னக்காயல் என்ற மீனவர் ஊரில் வீடு வீடாய்ப் போய்ப் படிவம் நிரப்பினேன். தரை சிமெண்டா மணலா, ரேடியோ உண்டா, பிள்ளை மாலை வகுப்புக்குப் போகிறதா என்று வரிசையாய்க் கேள்விகள். கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, எல்லாம் தெரிந்தவன்போல டிக் அடித்தேன்.

மாலை வகுப்பு ஒரு தொண்டு நிறுவனத்துடையது. பாடம் எடுத்தவர் அந்த ஊர்க்கார அக்கா ஒருவர். வகுப்பைத் தொடர்வதா மூடுவதா என்று முடிவுசெய்யத்தான் எங்கள் ஆய்வு.

ஆய்வை நடத்திய எங்கள் பேராசிரியர் அட்டவணை போட்டார். வகுப்புக்குப் போகும் பிள்ளைகள்தான் பரீட்சையில் அதிகம் தோற்றிருந்தார்கள். "பாத்தியாலே, வகுப்பாலதான் பிள்ளையெல்லாம் கெட்டுப்போகுது. கணக்கு பொய் சொல்லாது" என்றார். எனக்குப் புல்லரித்தது. இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

அக்காவிடம் செய்தி சொல்ல நானே போனேன். அந்த நேரம் ஒரு தாய் மகளோடு மார்க் அட்டையை நீட்டிக்கொண்டு நின்றாள். அக்கா புரட்டிப் பார்த்தார். "சிவப்புக் கோடே இல்லியே. எல்லாத்துலயும் பாஸு. இவளுக்கு இங்க எடம் இல்ல, கூட்டிட்டுப் போங்க."

அவர்கள் போனதும் நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"பெயிலான பிள்ளையளத்தான தம்பி நான் சேக்கேன்? கிழிஞ்ச வலையத்தான் கரையில உக்காந்து ஊசி நூலு வச்சிப் பொத்துதாங்க. பொத்துததாலதான் கிழிஞ்சுதுன்னு எழுதிட்டுப் போவியளோ?"

என் படிவத்தில் எத்தனையோ கேள்வி இருந்தது, பிள்ளையை ஏன் சேர்த்தீர்கள் என்பதைத் தவிர. வீட்டில் ரேடியோ இருக்கிறதா என்று கேட்கத் தெரிந்த மூளைக்கு அது தோன்றவில்லை. பேராசிரியரிடம் ஓடினேன். "படிவத்துல இல்லாதத எப்படிலே எழுத? ஊர்க்கதையெல்லாம் ஆய்வாகுமா?" என்றார். எனக்குப் பட்டம் வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அறிக்கை போனது, வகுப்பை மூடிவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து மறு ஆய்வு. அதே ஊர், அதே நான். பள்ளியில் தோற்பவர்கள் வெகுவாகக் குறைந்திருந்தார்கள். பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பை மூடியதன் பலன் என்று அவரே தலைப்பும் வைத்துவிட்டார்.

வீடு வீடாய்ப் போனவன் நான். எனக்குத் தெரியும். சிவப்புக் கோடு விழுந்த பையன்கள் படிப்பை நிறுத்திவிட்டு மீன் பிடிக்க வள்ளத்துக்குப் போயிருந்தார்கள். பெண் பிள்ளைகள் கரையில் கருவாடு காயப்போட்டார்கள். பரீட்சையே எழுதாத பிள்ளை எப்படித் தோற்கும்?

அன்று கரையில் அந்தப் பிள்ளைகளோடு அக்காவும் குனிந்து மீன் பரப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"இப்ப நம்மூர்ல யாரும் பெயிலாகுறது இல்லியாமே தம்பி?"

நான் படிவங்களை மடித்துப் பைக்குள் வைத்தேன்.