இல்லாத ஸ்டேஷன்

செஞ்சி கடைத்தெருவில், மோட்டார் ரீவைண்டிங் செய்யும் முருகனின் கடை மாடியில் நிற்கிறேன். சென்னையில் எங்கள் ரயில் ஆர்வலர் சங்கம் நடத்தும் கண்காட்சிக்கு மாதிரி ரயில்களைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. மேஜைமேல் அவர் செய்த மாதிரியில் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை வரை தண்டவாளம் ஓடுகிறது. நடுவில் ராஜகிரிக் கோட்டை, அதன் கீழே மஞ்சள் பலகையில் 'செஞ்சி'. குட்டி ரயில் அங்கே நின்று புறப்படுகிறது.

சங்கச் செயலாளரை ஃபோனில் அழைத்துச் சொல்கிறேன். "செஞ்சியில ஏதுங்க ஸ்டேஷன்? பாரம்பரிய ரயில் பாதைக்கு மட்டும்தான் இடம்" என்று ஸ்பீக்கரில் பதில் வருகிறது.

முருகனின் முகம் சிவக்கிறது. "இந்த ரயில் பாதைக்குன்னு அளந்து எங்க நைனா நெலத்துல கல்லு நட்டாங்க சார். அவரே போயிட்டாரு, ரயில் வரல. எம் பொண்ணு தெனம் திண்டிவனம் காலேஜுக்கு பஸ்ல நின்னுக்கினே போவுது. உங்களுக்கு ஊட்டி ரயிலு ஓடணும், எங்களுக்கு ஒண்ணுகூட வாணாமா?"

நீராவி இன்ஜின்களைக் காப்பாற்ற எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்! இந்தப் பாதைக்காக ஒருவரிடமும் கேட்டதில்லை. என்மேலேயே ஆத்திரம் வருகிறது. கண்காட்சி விண்ணப்பத்தை எடுக்கிறேன். 'பாதை ஓடிய காலம்' என்ற இடத்தில் 'இன்னும் ஓடவிடவில்லை' என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போடுகிறேன்.