அடுத்த அறுவடைக்குள்

தேர்தல் நேரத்தில் ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக எதிராளியைத் திட்டிப் போகிறார்களே, அந்தத் திட்டை எழுதுவது யார் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் பக்கம், ஒரு தேர்தலில் அதை எழுதியவன் நான். காசுக்காக இல்லை, கட்சிப் பற்றும் கிடையாது. நான் எழுதுவதை என் வீட்டிலேயே யாரும் முழுசாகப் படிப்பதில்லை. இதைத் தெருவே கேட்கும் என்றார்கள், மயங்கிவிட்டேன். ஐம்பது வயதுக்கு மேல், அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறவனுக்கு வருகிற மயக்கம் இப்படித்தான் இருக்கிறது.

கேட்டவர் பக்கத்துத் தெருக்காரர், வேட்பாளரின் பிரசாரத்தைக் கவனித்துக்கொண்டவர். வேலை சுலபமானது. அப்போது பதவியில் இருந்தவர் திராட்சைக்காரர்களுக்குக் கோல்டு ஸ்டோரேஜ் கட்டித் தருவதாகச் சொல்லி, பூமி பூஜை போட்டு, ஊர்ப் பொட்டலில் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போயிருந்தார். "அண்ணன் நட்ட கல்லில் ஆடு முதுகு சொறிகிறது, ஐந்து வருடத்தில் அண்ணனால் பயனடைந்தது அது ஒன்றுதான்" என்று எழுதினேன். ஆட்டோ போன இடமெல்லாம் சிரிப்பு. டீக்கடையில் ஒருவர் அதை எனக்கே சொல்லிக் காட்டினார். நானும் முதல் முறை கேட்பதுபோலச் சிரித்தேன்.

கடைசி வரியில்தான் வம்பு. எங்கள் வேட்பாளர் சொன்னது, கோல்டு ஸ்டோரேஜ் அமைய ஆவன செய்வோம் என்பது. சப்பென்று இருந்தது. ஆட்டுக்குப் பின்னால் வருகிற வாக்கியம் அப்படி வரலாமா? "அடுத்த அறுவடைக்குள் கோல்டு ஸ்டோரேஜ்" என்று மாற்றினேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. வேட்பாளரே மேடையில் அதைச் சொல்ல ஆரம்பித்தார். ஜெயித்தார்.

என் தங்கையின் வீட்டுக்காரருக்கு அனுமந்தன்பட்டியில் பன்னீர் திராட்சைத் தோட்டம். பறித்த பழம் சில நாளுக்கு மேல் தாங்காது. அதனால் அங்கே ஓர் ஏற்பாடு உண்டு: எல்லாரும் ஒரே சமயத்தில் கவாத்து பண்ணுவதில்லை. கொடியை வெட்டிவிட்டால் நாலு மாதத்தில் பழம் வந்துவிடும் என்பதால், தோட்டக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு முறை போட்டு வெட்டுவார்கள். சந்தையில் ஒருத்தர் பழம் இன்னொருத்தர் பழத்தை மிதிக்காது. எங்கள் மாப்பிள்ளையின் முறைக்கு மட்டும் பழம் மழைக்காலத்தில் வந்து சேரும், வெடித்துப் போகும். பந்தலைப் பிரித்துவிட்டுத் தென்னை வைக்கலாம் என்றிருந்தவர், தேர்தல் முடிந்ததும் புதுக் கம்பி இழுத்தார், கல்தூண்களை மாற்றினார். இந்த வெள்ளாமையும் போனால் பந்தல் இல்லை என்று தங்கையிடம் சொல்லியிருந்தார்.

"கோடையில பழம் வர்ற மாதிரி வெட்டப்போறேன் மச்சான். கோல்டு ஸ்டோரேஜ்தான் வருதுல்ல, இனி என்ன முறை?" என்றார் என்னிடம்.

"வருதுன்னு யாரு சொன்னா?" என்றேன், ஒன்றும் தெரியாதவன்போல.

"மைக்குல சொன்னாகல்ல."

மைக் என்பது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாரம் பார்த்து ஜேசிபி வந்து பொட்டலை நிரவியது. பழைய கல்லைப் பிடுங்கிப் புதுக் கல் நட்டார்கள். ஒருவேளை நான் எழுதியது நடந்தே விடுமோ என்று எனக்கே ஒரு சபலம்.

கோடைப் பழத்துக்குத்தான் நல்ல விலை, மாப்பிள்ளை நினைத்ததையே மற்றவர்களும் நினைத்திருந்தார்கள். கோடை வந்தது. கண்ணுக்கெட்டிய வரை எல்லாப் பந்தலிலும் ஒரே நேரத்தில் பழம் கறுத்தது. பொட்டலில் கல் மட்டும் இருந்தது. வழக்கமாகப் பழம் எடுக்கும் மலையாள வியாபாரி ஒவ்வொரு பந்தலாக எட்டிப் பார்த்தார். 'நோக்கட்டே', பார்க்கலாம் என்று நழுவியவர் பிறகு போனை எடுக்கவில்லை.

ஜெயித்தவரைப் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. நாலு வார்த்தை பேசத் தெரிந்த ஆள் வேண்டும் என்று மாப்பிள்ளை என்னைக் கூட்டிப் போனார். ஜெயித்தவர் உட்கார வைத்தார், டீ வாங்கிக் கொடுத்தார். கட்டடம் ஏன் வரவில்லை என்பதற்கு, தனக்கு முன்பு இருந்தவர் எல்லாவற்றையும் எப்படிக் கெடுத்து வைத்துவிட்டுப் போனார் என்று விவரமாக விளக்கினார். முடிக்கும்போது பேச்சில் அந்த ஆட்டைக் கொண்டுவந்தார். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், சொந்தச் சரக்கு, அடக்க முடியவில்லை. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. குடிக்காத டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "அய்யா, பழம் இந்த வாரம் தாங்காதுய்யா" என்றார். அதற்கும் முன்பு இருந்தவர்தான் காரணம் என்று தெரிய வந்தது.

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. தினமும் போய்ப் பந்தலுக்கு அடியில் நின்றேன். குளவி மொய்த்தது. பழம் காம்பிலேயே சுருங்கி, தானாக உதிர்ந்தது. தரை பிசுபிசுத்துச் செருப்பைப் பிடித்து இழுத்தது. தங்கை சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் பெட்டியில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். அந்த வீடுகளிலும் திராட்சைதான் இருந்தது. ஊரையே சிரிக்க வைத்த நான் அவளிடம், காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

பந்தலைப் பிரித்த அன்று உதவிக்குப் போனேன். எனக்குக் கம்பி சுற்றத் தெரியாது. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார், நின்றேன். நின்றபடியே சொல்லிவிட்டேன், அந்தக் கடைசி வரி வேட்பாளர் சொன்னதே இல்லை, ஓசைக்காக நான் போட்டது என்று. கம்பியாலேயே அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளை சுற்றுவதை நிறுத்தவில்லை.

"நீங்க எழுதுனதுன்னு அன்னைக்கே யாராச்சும் சொல்லியிருக்கலாம் மச்சான்" என்றார். "நான் பாட்டுக்குப் பழைய முறைக்கே வெட்டியிருப்பேன்."