பிளாஸ்டர் ஒட்டாத மயக்கம்

நான் மயக்க மருந்து டாக்டர். ஒரகடம் சாலையில் நான் போகும் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கம்பெனியில் கை நசுங்கி வருகிறவர்கள்தான் அதிகம். வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே செயற்கை நீரூற்று. மூளை மட்டும் வாங்கிப் போடவில்லை.

சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரு சிறுமி சொத்தைப் பல் பிடுங்க வந்தாள். பிறவியிலேயே தோலுக்குப் பிடிப்பில்லாத நோய். உரசினால் கொப்புளம், பிளாஸ்டரை ஒட்டி எடுத்தால் தோலும் கூடவே வந்துவிடும். வாயும் சரியாகத் திறக்காது, அதனால் மயக்கம் கொடுத்தே ஆகவேண்டும்.

யாரும் தூக்க விடாமல் தானே மேஜையில் ஏறிப் படுத்தாள்.

"நான் தூங்கிட்டா யார்னா ஒட்டிடுவாங்க ஆன்ட்டி," என்றாள். ஊசிக்குப் பயமில்லை, தூக்கத்துக்குத்தான் பயம்.

"நான் பாத்துக்கிறேன்டா கண்ணு," என்றேன்.

எங்கள் நர்சுகள் பிளாஸ்டரை முன்கூட்டியே கிழித்து டிராலி விளிம்பில் தோரணம் கட்டி வைப்பார்கள். அத்தனையையும் பிய்த்துக் குப்பையில் போட்டேன். கையில் போட்ட ஊசியைத் துணி சுற்றிக் கட்டினேன். வாயில் வைத்த டியூபைப் பருத்தி நாடாவால் கட்டினேன். முகத்தில் மாஸ்க் படும் இடமெல்லாம் வாசலின் துணி வைத்தேன். பல் டாக்டர் வாட்சைப் பார்த்துக்கொண்டே, "ஒரு பல்லுக்கு இவ்ளோ சீன் தேவையா மேடம்?" என்றார். அவருக்குப் பல் தெரியும். பல்லுக்குப் பின்னால் ஒரு குழந்தை இருப்பது தெரியாது.

நல்லபடியாக முடிந்தது. ஒரு கொப்புளம்கூட இல்லை. மயக்கம் தெளியும் அறையில் அரைத் தூக்கத்தில் கிடந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் வாந்தியெடுக்க, அவரைப் புரட்டிப் படுக்கவைக்கத் திரும்பினேன். அதற்குள் விளம்பரப் பிரிவு மேனேஜர் செல்போனோடு உள்ளே வந்துவிட்டார். ஆபரேஷன் முடிந்த பிள்ளைகளுக்கு 'தைரியசாலி' என்று ஸ்டிக்கர் ஒட்டிப் போட்டோ எடுப்பது அந்த மகானுபாவர் கண்டுபிடித்த திட்டம். அவள் நெற்றியில் பச்சக்கென்று ஒட்டினார். போட்டோவில் கோணலாக விழுந்ததாம், நேராக ஒட்டுவதற்கு உரித்தார்.

"பிளாஸ்டர் ஒட்டக்கூடாத பொண்ணுய்யா!" என்று கத்தினேன். "ஸ்டிக்கர்தானே மேடம், பிளாஸ்டர் இல்லியே?" என்றது அறிவுக்கொழுந்து. கையில் ஸ்டிக்கர், அதன் அடியில் அவள் தோல்.

நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடிய எந்தச் சொல்லும் அந்த ஆளுக்குப் போதாது. இன்றைக்கும் அதே வேலையில்தான் இருக்கிறார், சம்பளமும் ஏறியிருக்கும்.

நெற்றியில் வட்டமாகத் தோல் போன இடத்துக்கு மருந்துத் துணி வைக்கும்போது கண் திறந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை.

"பாத்துக்கிறேன்னு சொன்னியே ஆன்ட்டி," என்றாள்.