மூன்றாவது கடையில் வாசித்த பேஸ்

கல்லூரி இசைக்குழுவில் நான் பேஸ் கிட்டார் வாசித்தவள். என் சிறிய கைக்கு ஏற்றபடி ஒன்றைச் சொல்லிச் செய்துகொள்ள வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதற்காக ஏழு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைவது சரிதானா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன்.

பாளையங்கோட்டையில் அது மூன்றாவது கடை. கடைக்கார அண்ணாச்சி, கையால் செய்த ஐந்து கம்பி பேஸ் ஒன்றை ஆம்ப்ளிஃபயரில் மாட்டிச் சுண்டினார். சத்தம் கூடுதலாக வைத்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. படீரென்று கேட்டதும் நான் துள்ளிவிட்டேன். கம்பி வாங்க வந்தவரின் குழந்தை வீறிட்டு அழுதது. என் தோளில் இருந்த மகள் மட்டும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பிள்ளைல்லா! இப்பவே சத்தத்துக்குப் பழகிட்டா. அசையுதாளான்னு பாருங்க!" என்று அவர் சிரித்தார்.

நானும் பெருமையாகச் சிரித்தேன். பிறகுதான், குக்கர் விசிலுக்கும் இவள் திரும்பியதில்லை என்பது உறைத்தது. சமர்த்துப் பிள்ளை என்று எல்லோரிடமும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு முதுகு காட்டும்படி அவளை மடியில் வைத்துக்கொண்டேன். "இன்னொரு தடவை வாசிங்க அண்ணாச்சி, இன்னும் சத்தமா."

எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து, அவர் உற்சாகமாக வாசித்தார். "இதே மரத்துல, உங்க கைக்குத் தக்கன செஞ்சு தாரேன்" என்றார். நான் மகளின் முகத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அவள் தன் விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த பிறகும், போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் நிறுத்திவிட்டால் நான் வீட்டுக்குப் போய் அதைச் சொல்ல வேண்டும்.