பூட்டிய அறையில் போன ஊர்கள்

ஆங்கிலப் பாடத்தில் வரும் இயற்கைக் கவிஞர்களைப் போலக் கற்பனைப் பயணம் ஒன்றை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள், மகளின் பள்ளியில். வழக்கம்போலக் கதவை உள்பக்கம் பூட்டிவிட்டு அவளருகே உட்கார்ந்தேன். அந்தப் பூட்டின் சத்தம் என்னை, சின்ன வயதில் நானும் அம்மாவும் இருந்த மண்ணூர்பேட்டைக்கு இழுத்துப் போனது.

அங்கே எங்களுக்கு ஒரே அறை. ஜன்னலுக்கு எதிரே கம்பெனிச் சுவர், எந்நேரமும் மெஷின் எண்ணெய் நாற்றம். பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அம்மா என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஷிப்டுக்குப் போவாள். போகுமுன் ஜன்னல் கம்பி வழியாக, கண்டக்டர் மாதிரி, பழைய பஸ் டிக்கெட் ஒன்றை நீட்டுவாள்.

"எங்கம்மா போவணும்?"

"ஊட்டி."

"குளிரும்டி, போத்திக்கினு போ."

போர்வையோடு சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்போலத் திருப்பித் திருப்பி பஸ் ஓட்டுவேன். இருட்டியதும் பஸ் நின்றுவிடும், அழுவேன். ஒருநாள் மெஷினில் கை சிக்கி அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நான் உள்ளே இருப்பது வேறு யாருக்கும் தெரியாது. அம்மா கண்விழித்துச் சொல்லி, விடிந்த பிறகுதான் பூட்டை உடைத்தார்கள்.

மகள் பேனாவைக் கடித்தாள். "எங்க போறதும்மா? நீதான் எங்கயுமே விடமாட்டியே."

"கற்பனைதானே, எங்க வேணா போ."

கொஞ்ச நேரம் யோசித்து எழுதினாள். எட்டிப் பார்த்தேன். முதல் வரியில் அவள் தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள்.

கதவைத் திறக்கச் சாவியைக் கையில் எடுத்தேன். எழுந்திருக்க முடியவில்லை.