இரண்டு சாவி அலமாரி

இரும்புக் கிடங்கில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் கிரேனின் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவள் என்பதால் 'உச்சி' என்று வைத்துவிட்டார்கள். புதிதில் நக்கலாகத்தான் வைத்தார்கள். ஒரு பொம்பளை மேலே உட்கார்ந்துகொண்டு இரும்புத் தகட்டை நம் தலைக்கு மேலே கொண்டுபோவதா என்ற வயிற்றெரிச்சல். பிறகு கை பழகி, "உச்சி இருக்காங்களா? அப்ப ஏத்துங்க" என்று லாரிக்காரர்களே கேட்கும் அளவுக்கு வந்துவிட்டாள். அவள் ஒன்று நினைத்து அது அப்படியே நகர்ந்தது வாழ்க்கையில் அந்தக் கூண்டுக்குள் மட்டும்தான். அதனால் அதன்மேல் அவளுக்கு உயிர்.

கிரேன் ஓட்டுகிறவருக்குத் தூக்கும் சுமையே கண்ணை மறைக்கும். அதன் பின்னால் ஆள் நிற்கிறானா, சங்கிலி சரியாக மாட்டியிருக்கிறதா என்பதைக் கீழே இருக்கும் சிக்னல்காரர்தான் பார்த்துக் கையால் சொல்வார். உள்ளங்கை மேலே போனால் தூக்கு, முஷ்டி மடங்கினால் நிறுத்து. புரிந்தது என்று உச்சி காலால் மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் விசையைத் தொடுவாள். அவளுடைய சிக்னல்காரர் அவளைவிடக் கொஞ்சம் மூத்தவர், வாயாடி. அவள் அவரை அண்ணே என்றாள். அவர் கை அசைந்தால் யோசிக்கவே மாட்டாள். அந்தக் கையை நம்பாமல் அந்த வேலையைச் செய்யவும் முடியாது.

இதற்கு நடுவில் அந்தப் பாழாய்ப்போன வயிறு. சாப்பிட்டால் உப்பும், சாப்பிடாவிட்டால் எரியும். வாயெல்லாம் புண். ஏணி ஏறினால் நாய் மாதிரி இரைத்தது. வைத்தியம் சொல்ல நம் ஆட்கள் கூலியா கேட்கிறார்கள்? வாயு என்றார்கள், பித்தம் என்றார்கள், புருஷனோடு ஏதாவது மனஸ்தாபமா என்றுகூடக் கேட்டார்கள். கடைசியில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்து, குழாய் விட்டுக் குடலைப் பார்த்து, சீலியாக் என்றார். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் இவளுடைய குடலின் உட்சுவரைக் கெடுக்கிறது. அதனால் தின்பது உடம்பில் ஒட்டவில்லை, ரத்தம் குறைகிறது. மாத்திரை இல்லை. ஆயுசுக்கும் தொடக்கூடாது, ஒரு துணுக்குக்கூட.

மறுநாள் அழுத முகத்தோடு வேலைக்குப் போனாள். அண்ணே விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"வா வா, நம்ம கட்சிக்கு வந்துட்டியா? இத்தனை நாள் நான் ஒருத்தன்தான் இதுல தலைவரும் தொண்டரும்."

அவருக்கும் அதே வியாதிதான். தம்பிக்கு வந்ததால் வீட்டில் எல்லாருக்கும் ரத்தம் பார்த்ததில் தெரிந்தது. மற்றபடி அவருக்கு ஒரு நாளும் வயிறு வலித்ததில்லை. ஆனால் சட்டமெல்லாம் அவருக்கு அத்துப்படி. பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்பாதே, பின்பக்கத்தைப் படி. கடைச் சாஸில்கூடக் கோதுமை இருக்கும். ரொட்டித்தூள் தடவிப் பொரித்த எண்ணெயில் உனக்கென்று உருளைக்கிழங்கு பொரித்தாலும் அது விஷம்தான். கீறல் விழுந்த பாத்திரத்தில் பழைய மாவு உட்கார்ந்திருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

கிடங்கின் கேன்டீன் இருவருக்கும் ஆகாது. அங்கே ரொட்டியும் நூடுல்ஸும்தான், எங்கு தொட்டாலும் மாவு. அதனால் கிடங்கின் கடைக்கோடியில், பாட்டரி வைக்கும் தடுப்பறையில் ஒரு பழைய இரும்பு அலமாரியைக் கேட்டு வாங்கினார்கள். மின்சார அடுப்பு ஒன்று, புதுச் சட்டி ஒன்று, கரண்டி, பாத்திரம் தேய்க்கிற பஞ்சு, ஒரு டப்பா வெண்ணெய். ஒரு பூட்டு, ஆளுக்கொரு சாவி. வீட்டிலிருந்து கொண்டுவரும் சோற்றையும் காய்கறியையும் அதில் சூடாக்கி, முட்டை உடைத்து ஊற்றிச் சாப்பிடுவார்கள். 'ரெண்டு பேர் ஓட்டல்' என்று கிடங்கே கேலி செய்தது. சாப்பாட்டு நேரம் வந்ததும் அண்ணே கீழே நின்று, ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோவார். அது எந்தச் சட்டத்திலும் இல்லாத சிக்னல், அவர்களுக்குள் வைத்துக்கொண்டது. உச்சி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இறங்குவாள்.

அந்த வருஷம் அவள் தேறினாள். கன்னம் திரண்டது. ஏணியில் பாதியில் நிற்காமல் ஏறினாள். வீட்டிலும் கோதுமை வாசனையே இல்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவருக்கு பிஸ்கட் என்றால் கொள்ளை ஆசை. பாவம் மனுஷன், தெருமுனையிலேயே வேனை நிறுத்தித் தின்றுவிட்டு, சட்டையை உதறி, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வாசலில் கால் வைப்பார்.

அடுத்த மழைக்காலத்தில் எல்லாம் தலைகீழானது. பழைய புண்கள் வந்தன. தலைமுடி கொத்தாகக் கொட்டியது. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மறைக்காம சொல்லுங்க. எங்க கை வைக்கிறீங்க?"

"சத்தியமா இல்லை டாக்டர்."

"கோதுமை உள்ள போகாம இந்த எண் ஏறாதும்மா."

கூனிக்குறுகி வெளியே வந்தாள். கிடங்கில் வருடாந்திர உடல் தகுதிப் பரிசோதனை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் அளவுக்குக் கீழே இருந்தால் ஏணியில் கால் வைக்க விடமாட்டார்கள். மேலே மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? கூண்டு போய்விடும் என்ற பயம் அவளைப் பிடித்து ஆட்டியது. அண்ணேயிடம்தான் போய்க் கொட்டினாள்.

அவர் தலையைச் சொறிந்தார். "வீட்டுல பாரு, தங்கச்சி. மாப்பிள்ளை பிஸ்கட் தின்னுட்டு வர்றாருல்ல? கை, சட்டை, மெத்தைன்னு எங்கயாவது ஒட்டியிருக்கும். வெளியில என்ன இருக்கு? இங்க நம்ம சட்டி சுத்தம்."

நம்ம சட்டி சுத்தம் என்று அந்த வாயால்தான் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அவள் ஆடிய ஆட்டத்தைச் சொல்லவே வேண்டாம். வேனின் சீட்டைத் தட்டிப் பார்த்ததில் பிஸ்கட் தூள் உதிர்ந்தது, அவ்வளவுதான். "என்னைக் கொன்னுட்டுத் தின்னுங்க" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். அவர் பிஸ்கட்டையே விட்டுவிட்டார். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் படுக்கை என்று ஒதுங்கினார். அவர்களுடைய மகள் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். உச்சிக்கோ வீட்டுச் சாப்பாட்டின் மேல் நம்பிக்கையே போய்விட்டது. காலையில் பட்டினியாக வந்து, அரிசியையும் முட்டையையும் அலமாரியிலேயே வைத்து, அங்கேயே சமைத்து வயிறு நிறையச் சாப்பிட ஆரம்பித்தாள். அவள் கண்ணுக்குப் பாதுகாப்பான இடம் அது ஒன்றுதான். அங்கே சாப்பிடச் சாப்பிட இன்னும் மெலிந்தாள்.

கிரேனுக்குப் பராமரிப்பு நாள் வந்தது. அந்த நாளில் மட்டும்தான் கிரேனைக் கிடங்கின் கடைக்கோடிவரை ஓட்டி நிறுத்துவார்கள். எண்ணெய் போடும் மெக்கானிக் தண்டவாளத்தில் இருக்க, உச்சி கூண்டுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தாள். கீழே இருக்கும் தடுப்பறைகளுக்குச் சுவர் உண்டு, கூரை கிடையாது. தரையில் நடமாடுகிறவர்களுக்கு அது நினைவிலேயே இருக்காது.

பாட்டரி அறைக்குள் அண்ணே வந்தார். கதவைச் சாத்தினார். சாவி போட்டு அலமாரியைத் திறந்தார். தன் பையிலிருந்து ஒரு ரொட்டிப் பாக்கெட்டை எடுத்தார். கேன்டீனில் விற்கிற அதே கோதுமை ரொட்டி, அந்தச் சிவப்பு உறை மேலேயிருந்தே தெரிந்தது. கத்தியால் வெண்ணெயை வழித்துத் துண்டில் தேய்த்தார், அதே கத்தியை மறுபடி டப்பாவுக்குள் விட்டார். சட்டியில் போட்டு இரண்டு பக்கமும் வாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். பிறகு சட்டியை அந்தப் பஞ்சாலேயே ஒரு துடைப்புத் துடைத்து, தூளைக் கையால் தட்டிவிட்டுப் பூட்டினார். பொழுதுக்கும் அவளை அண்ணாந்து பார்க்கிற மனுஷன் அன்றைக்குத் தலையைத் தூக்கவே இல்லை.

உச்சிக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, வெட்கம். இவ்வளவு பெரிய முட்டாளாக இருந்திருக்கிறோமே என்ற வெட்கம். இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள். அவர் உதட்டோரத்தில் தூள் ஒட்டியிருந்தது.

"எத்தனை நாளாண்ணே?"

"என்ன எத்தனை நாளா?"

"மேலேர்ந்து பார்த்துட்டுத்தான் வர்றேன்."

அவர் பாட்டரிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "மழை ஆரம்பிச்சப்பலேர்ந்து. எனக்குத்தான் வலி கிலி எதுவும் வராதே. ஒரு நாள் தின்னு பார்த்தேன், ஒண்ணும் ஆகலை. அப்புறம் விட முடியலை. ஆனா சட்டியைத் துடைச்சுத்தான் வச்சேன், தங்கச்சி."

"கீறல்ல உட்கார்ந்திருக்கும், தேய்ச்சாலும் போகாதுன்னு சொன்னது யாரு?"

அவர் உதட்டோரத் தூளைப் புறங்கையால் துடைத்தார்.

"உங்க உடம்பு, நீங்க என்னவோ பண்ணுங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற சட்டி வாங்கியிருப்பேனே."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். சொன்னா நீ என்கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டியேன்னு தோணுச்சு."

"நான் காஞ்சு போனதைப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு என் வீட்டுக்காரரைக் கை காட்டினீங்க."

அவள் தன் சாவியால் அலமாரியைத் திறந்து, அந்தச் சாவியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு வந்தாள்.

ரொட்டி தின்றதையும் மறைத்ததையும்கூட ஒரு நாள் மன்னித்திருப்பாளோ என்னவோ. தன் குற்றத்தைத் தூக்கி அந்த அப்பாவி மனுஷன் தலையில் போட்டாரே, அதுதான் நெஞ்சை அறுத்தது. வீட்டுக்குப் போனதும் சொன்னாள். வேன்காரர் "அண்ணேயா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கும் அந்த ஆள் மேல் மரியாதை இருந்தது. உச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனாலும் அவர் தன் படுக்கையை அறைக்குத் திரும்ப எடுத்து வர இன்னும் கொஞ்ச காலம் ஆனது.

பரிசோதனையில் தோற்றாள். ரத்தம் ஒரே வாரத்தில் ஊறிவிடுமா என்ன? அவளைக் கீழே சாமான் அறைக்கு மாற்றி, போல்ட் நட்டு எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். கூண்டுக்கு வேறொருவன் ஏறினான். தலைக்கு மேலே கிரேன் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பொருமிக்கொண்டு வந்தது. ஆனாலும் வீட்டில் சமைத்த டப்பாவைத் தவிர வேறெதையும் தொடாமல் வைராக்கியமாக இருந்தாள். கோடை முடிவதற்குள் ரத்தம் ஏறியது. டாக்டரம்மா இறங்கிய எண்ணைப் பார்த்துச் சிரித்தார். கூண்டு திரும்பக் கிடைத்தது.

ஏறுவதற்கு முன்னால் போர்மேனிடம் போய், சிக்னலுக்கு வேறு ஆள் வேண்டும் என்றாள்.

"ஏன், தப்பா கை காட்டினாரா?"

"இல்லை."

"வேற என்ன?"

சொன்னாள். போர்மேன் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பு விரலிடுக்கில் வழிந்தது. "ஒரு மனுஷன் ரொட்டி தின்னாருன்னு ஆளை மாத்தச் சொல்றியா உச்சி?"

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. அடித்திருந்தாலோ திருடியிருந்தாலோ அவள் சொல் எடுபட்டிருக்கும். இதற்கு இந்த உலகத்தில் ஒரு பெயர்கூட இல்லை.

ஏணியில் ஏறினாள். கூண்டில் உட்கார்ந்தாள். கீழே அவர்தான் நின்றார், கொஞ்சம் கிழடு தட்டிய மாதிரி. உள்ளங்கை மேலே போனது. அவள் ஒரு கணம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு மணியைத் தட்டித் தூக்கினாள். முஷ்டி மடங்கியதும் நிறுத்தினாள். தகடு ஒரு விரல்கூட ஆடாமல் லாரியில் இறங்கியது. இரும்பு விஷயத்தில் அவர் கை அன்றும் பொய் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது. கிடங்கு காலியானது. அவர் மட்டும் அங்கேயே நின்று அண்ணாந்து பார்த்து, ஐந்து விரலையும் மெதுவாகக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனார். உச்சி மடியில் டப்பாவைத் திறந்தாள். அவர் இன்னொரு தடவையும் காட்டினார். அவள் மணியிலிருந்து காலை எடுத்துவிட்டு, சாப்பிட ஆரம்பித்தாள்.