மீன்காரம்மாவின் சுவரொட்டி

ஆவணப்படம் எடுப்பதைவிட அதற்கு ஆள் சேர்ப்பதுதான் பெரும் பாடு என்பது எனக்கு அந்தக் கோடையில் புரிந்தது. நெல்லித்தோப்புத் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்கும் ஓர் அம்மாவைப் பற்றிப் படம் எடுத்திருந்தேன். கடற்கரைப் பக்கம் ஓர் அரங்கில் முதல்முறை திரையிட்டபோது வந்தவர்கள் எல்லாரும் என் நண்பர்கள். டீயைக் குடித்து, முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த அம்மா படம் முடியும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட மீன் வாங்குறவங்க ஒருத்தரும் வரலியே தம்பி. கூடையோட போனாதான் கதவத் தொறப்பாங்க போல."

எனக்குச் சுருக்கென்றது. அடுத்தமுறை நெல்லித்தோப்பிலேயே போடுவோம், எல்லாரும் வருவார்கள் என்று வாயைவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில் அவருக்கு வேலை இருக்காது என்பதால் அப்போது நாள் குறித்து, ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தைப் பிடித்தேன். கலர் போஸ்டர் கட்டுப்படியாகவில்லை. முதலியார்பேட்டையில் தெரிந்த அச்சகத்தில் கறுப்பு வெள்ளையில் அடித்து, சுவர்களில் ஒட்டும் வேலையையும் சேர்த்தே கொடுத்தேன். "கவலைய விடுங்க சார், தெனமும் பண்றதுதான்" என்றார் அச்சகக்காரர். விட்டேன். என் வாழ்க்கையில் கவலைப்படாமல் விட்ட ஒரே வேலை அதுதான்.

திரையிடும் நாள் காலையில் நெல்லித்தோப்புக்குப் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க அந்தப் போஸ்டர். நடுவில் அந்த அம்மாவின் முகம், சுற்றிலும் தடித்த கறுப்புக் கட்டம், கீழே நாள், நேரம், இடம். 'ஆவணப்படம்' என்ற சொல் மட்டும் எறும்பு அளவில் இருந்தது. எங்கள் ஊரில் சுவரில் அப்படி ஒரு முகம் இருந்தால் அது கண்ணீர் அஞ்சலிதான், குழந்தைக்கும் தெரியும். தடைக்காலத்தில் அவரைத் தெருவில் யாரும் பார்க்கவும் இல்லை. அதனால் எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

வாளித் தண்ணீரோடு சுரண்ட ஆரம்பித்தேன். ஒரு பெண்மணி வீட்டிலிருந்து ஓடிவந்தார்.

"செத்தவங்க போஸ்டரக் கிழிக்கிறியே, நீ நல்லாருப்பியா?"

"அவங்க சாகலைங்க."

அவர் முகம் இளகிவிட்டது. "புள்ளையா நீ? மனசத் தேத்திக்கப்பா."

மத்தியானம் நிஜமான பிள்ளையே போனில் வந்தார். "உசுரோட இருக்கிறவங்களுக்கு போஸ்டர் அடிப்பியா? அம்மா வராது. நீயே உக்காந்து பாத்துக்க."

சாயங்காலம் மண்டபத்தில் காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்றேன். அவருக்காகத்தான் இந்தக் கூத்து முழுவதும். அவரே வராவிட்டால் யாருக்குப் படம் போடுவது? ஒயரை மாற்றி மாற்றிச் சொருகிக்கொண்டிருந்தேன்.

முதலில் நாலைந்து பெண்கள் வந்தார்கள். பிறகு இன்னும் கொஞ்சம் பேர். தலைகுனிந்து வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். ஒருவர் கையில் சம்பங்கி மாலை. நாற்காலி நிறைய நிறைய எனக்கு வியர்த்தது. மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்லத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மகன் முறைத்துக்கொண்டே இறங்க, பின்னால் அந்த அம்மா.

யாரோ வீலென்று கத்தினார்கள். மாலை வைத்திருந்தவர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

அந்த அம்மா மாலையை மேலும் கீழும் பார்த்தார். "அரைக் கிலோ நெத்திலிக்கு அந்தப் பேரம் பேசுவியே. இத என்னா பேரம் பேசி வாங்குன?"

"இதுக்குப் பேசலம்மா."

அந்த அம்மா மாலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்தார். வாசல் பக்கம் திரும்பவே இல்லை.

"லைட்ட நிறுத்து தம்பி," என்றார். "எல்லாரும் வந்துட்டாங்க."